அயல்நாட்டுப் போர்க்குற்றம், உள்நாட்டு நீதிமன்றம்: புதுச்சேரியிலிருந்து ஒரு பார்வை

2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டம் மூதூரில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் ‘அக்சியோன் கோந்த்ர் லா ஃபேம்’ என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு, அலுவலக வளாகத்திலேயே, குப்புறப் படுக்கவைத்து மிக அருகிலிருந்து சுடப்பட்டிருந்தார்கள். தொண்டு நிறுவன ஊழியர்கள் மீது நடந்த படுகொலைகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்றாக இன்றும் அது பேசப்படுகிறது.

இலங்கை அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அதைக் கண்காணிக்க வந்த சர்வதேச வல்லுநர் குழுவுக்குத் தலைவர் நம் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி. உண்மையைக் கண்டறியும் விருப்பம் அரசிடம் இல்லை என்று சொல்லி அந்தக் குழு 2008இல் விலகிக்கொண்டது. 2013இல் அந்த நிறுவனமே தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டு, இலங்கைப் பாதுகாப்புப் படையினரே கொன்றிருக்கக்கூடும் என்று சொன்னது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இறந்தவர்கள் வேலை செய்தது பிரெஞ்சு நிறுவனத்துக்கு. அப்படியானால் பாரிஸ் நீதிமன்றம் ஏன் விசாரிக்கவில்லை? பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 113-7ஆம் பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பிரிவின்படி, வெளிநாட்டில் நடந்த குற்றத்தைப் பிரான்சு விசாரிக்க வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் குற்றம் நடந்த அன்று பிரெஞ்சுக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுத்தது யார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை என்ற கதை இங்கே பல குடும்பங்களில் உண்டு. அண்ணன் வழிப் பேரன் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறான், தம்பி வழிப் பேரன் இந்திய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கிறான். இந்த இருவரும் ஒன்றாக ஏதோவொரு போர் நடக்கும் நாட்டுக்கு வேலைக்குப் போய், ஒரே சிறையில் சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பேரனுக்காகப் பாரிஸில் வழக்குத் தொடுக்க முடியும். தம்பி பேரனுக்காகத் தொடுப்பது எளிதல்ல.

கற்பனைக்காக இதைச் சொல்லவில்லை. 2013இல் டமாஸ்கஸில் கைதாகிக் காணாமல் போன மாஸன் தப்பாக், அவர் மகன் பாட்ரிக் ஆகிய இருவரும் சிரியக் குடியுரிமையோடு பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றிருந்தார்கள். அந்த ஒரு காரணத்தால்தான், 2024 மே மாதம் சிரிய உளவுத்துறையின் மூன்று உயர் அதிகாரிகளுக்கு, அவர்கள் நேரில் இல்லாமலேயே, பாரிஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதே சிறைகளில் மாண்ட மற்றவர்களின் குடும்பங்களுக்கு அந்த வாசல் இல்லை. முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்து, பின்னர் பிரான்சுக்குப் போய்க் குடியுரிமை வாங்கி, பாரிஸின் லா ஷாப்பலில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழருக்கும் இல்லை. அவர் பிரெஞ்சுக்காரர் ஆனது குற்றம் நடந்த பிறகு.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உலகளாவிய அதிகார வரம்பு என்ற கோட்பாடு வந்தது. குற்றம் எங்கே நடந்தது, செய்தவர் யார், பட்டவர் யார் என்று பாராமல், குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்து எந்த நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பதே அது. கடற்கொள்ளையரை எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்ற பழைய வழக்கத்திலிருந்து கிளைத்தது. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் அதைப் போர்க்குற்றங்களுக்கும், 1984ஆம் ஆண்டின் சித்திரவதைத் தடுப்பு ஒப்பந்தம் சித்திரவதைக்கும் விரித்தன. 1998 அக்டோபரில் ஸ்பெயின் நீதிபதி பால்தசார் கார்சோனின் ஆணைப்படி சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. உடல்நிலையைக் காட்டி அவர் ஊர் திரும்பிவிட்டார் என்றாலும், ஓய்வுபெற்ற சர்வாதிகாரிகள் வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் யோசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பிரான்சின் கதை நமக்குப் பக்கத்தில் இருப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். சித்திரவதைக் குற்றத்துக்கு அங்கே விதி எளிது. சந்தேக நபர் பிரெஞ்சு மண்ணில் இருந்தாலே போதும். மோந்த்பெலியேவுக்கு ராணுவப் பயிற்சிக்கு வந்த மொரித்தானியக் கேப்டன் எலி ஊல்த் தா 1999இல் பிடிபட்டார். ஜாமீனில் தப்பி ஓடினாலும், 2005இல் நீம் நகர நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. மொரித்தானியா அவருக்குப் பொது மன்னிப்பு வழங்கியிருந்தது. அந்த மன்னிப்பு பிரெஞ்சு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றார்கள்.

போர்க்குற்றத்துக்கும் மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கும் விதி அவ்வளவு எளிதாக இல்லை. 2010 ஆகஸ்டில் வந்த சட்டம் நான்கு நிபந்தனைகளைப் போட்டது. பிரெஞ்சு வழக்கறிஞர்கள் அவற்றை நான்கு பூட்டுகள் என்கிறார்கள். சந்தேக நபர் பிரான்சில் நிலையாக வசிக்க வேண்டும். அவருடைய நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமாக இருக்க வேண்டும். அரசு வழக்குத் தொடுநர் மட்டுமே வழக்கைத் தொடங்கலாம். சர்வதேச நீதிமன்றமோ வேறு நாடோ விசாரிக்காதபோதுதான் பிரான்சு கையில் எடுக்கலாம். இரண்டாவது பூட்டு என்ன செய்தது என்பது 2021 நவம்பரில் தெரிந்தது. சிரியச் சட்டத்தில் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவே இல்லை என்று சொல்லி, ஒரு முன்னாள் சிரிய வீரர் மீதான வழக்கைப் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. குற்றம் செய்யும் அரசு அதைக் குற்றம் என்று சட்டம் எழுதி வைத்திருக்க வேண்டுமாம்! இலங்கைச் சட்டத்திலும் அந்தப் பிரிவு இல்லை. அந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால் நம் மக்களின் வழக்குகளும் அங்கேயே முடிந்திருக்கும். 2023 மே மாதம் அதே நீதிமன்றம் தன் முழு அமர்வில் நிலையை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டம் அந்தப் பூட்டையே கழற்றிவிட்டது. மற்றவை இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் வழக்குகள் முடிவுக்கு வந்திருக்கின்றன. லைபீரியாவின் முன்னாள் கிளர்ச்சித் தளபதி குந்தி கமாராவுக்கு 2022இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது 30 ஆண்டானது. சாட்சிகள் லைபீரியாவிலிருந்தே விமானமேறி வந்து பாரிஸில் பேசினார்கள். மாணவராக மார்சேய்க்கு வந்த சிரிய ஆயுதக்குழுவின் முன்னாள் பேச்சாளருக்கு 2025 மே மாதம் 10 ஆண்டு சிறை. ஜெர்மனி இதில் இன்னும் முன்னே நிற்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு, சிரிய உளவுத்துறைக் கர்னல் அன்வர் ரஸ்லானுக்குக் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை வழங்கியது.

ஆனால் பிரான்சைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் புதுச்சேரியிலிருந்து எழுதுகிறவன் சொல்லியாக வேண்டும். நம் ஊர் சொல்தாக்கள் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் போரிட்டவர்கள். அவர்கள் பணியாற்றிய அதே ராணுவம் அல்ஜீரியாவில் செய்த சித்திரவதைகளுக்கு ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. ஜெனரல் ஒசாரெஸ் 2001இல் தன் புத்தகத்தில், தான் சித்திரவதை செய்ததையும் கொன்றதையும் வெளிப்படையாகவே எழுதினார். 1968ஆம் ஆண்டுப் பொது மன்னிப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்று 2003 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மூடியது. போர்க்குற்றத்தை நியாயப்படுத்தி எழுதியதற்காக அவருக்கு அபராதம் மட்டும் விழுந்தது. மொரித்தானியாவின் மன்னிப்பு செல்லாது, பிரான்சின் மன்னிப்பு செல்லும். இந்த இரட்டை அளவுகோல்தான் இந்தக் கோட்பாட்டின் மிகப் பெரிய பலவீனம். ஆப்பிரிக்க நாடுகள் இதை எதிர்த்துப் பேசும்போது அவற்றின் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இலங்கை வழக்குகளுக்கு வருவோம். இருபது ஆண்டு முயற்சிகளைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் தோல்விகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

புலிகள் இயக்கத்தின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் 2007 நவம்பரில் லண்டனில் கைதானார். வேறு பெயரில் இலங்கை அரசு தந்த தூதரகப் பாஸ்போர்ட்டில் வந்திருந்தார். சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் 1990இல் கிழக்கில் நடந்த படுகொலைகளும் அவர் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள். பிரிட்டிஷ் அரசு வழக்குத் தொடுநர்கள் சான்று போதவில்லை என்றார்கள். பாஸ்போர்ட் மோசடிக்காக ஒன்பது மாதம் சிறை வைத்து, 2008 ஜூலையில் ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டே அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார், அடுத்த ஆண்டு அமைச்சரானார். 2025 மார்ச்சில் அதே பிரிட்டன் அவர் மீதும், சவேந்திர சில்வா, ஜகத் ஜெயசூரியா, வசந்த கரன்னகொட ஆகிய மூன்று முன்னாள் தளபதிகள் மீதும் தடை விதித்தது. கையில் இருந்தவரை விட்டுவிட்டு, 17 ஆண்டு கழித்துப் பயணத் தடை போடுவதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜகத் ஜெயசூரியா இறுதிப் போரில் வன்னிப் படைத் தலைமையகத்தின் தளபதி. பின்னர் பிரேசிலில் தூதர். 2017 ஆகஸ்டில் யஸ்மின் சூக்கா தலைமையிலான சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான திட்டம், பிரேசிலிலும் கொலம்பியாவிலும் அவர் மீது வழக்குத் தாக்கல் செய்தது. மனு நீதிமன்றம் போகும்போது அவர் நாட்டைவிட்டுப் புறப்பட்டிருந்தார். ஐ.நா.வில் துணை நிரந்தரப் பிரதிநிதியாக இருந்த சவேந்திர சில்வா மீது நியூயார்க்கில் தொடுத்த உரிமையியல் வழக்கு, தூதர் என்ற பாதுகாப்பால் 2012இல் தள்ளுபடியானது. 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடிய கோத்தபய ராஜபக்ச சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது, சூக்காவின் அமைப்பு அங்குள்ள தலைமை அரசு வழக்கறிஞரிடம் 63 பக்கப் புகாரைக் கொடுத்தது. நான்கு வாரம் அங்கே இருந்துவிட்டு அவர் தாய்லாந்து போய்விட்டார்.

பதவிப் பாதுகாப்பு என்னும் இந்தச் சுவரைச் சர்வதேச நீதிமன்றம் 2002இல் காங்கோ, பெல்ஜியம் வழக்கில் உறுதிப்படுத்தியது. பதவியில் இருக்கும் வெளியுறவு அமைச்சர் மீது அயல்நாடு பிடியாணை பிறப்பிக்க முடியாது என்றது. 2025 ஜூலையில் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் இதே காரணத்தால், அதிபராக இருந்தபோது பஷார் அல் அசாத் மீது பிறப்பிக்கப்பட்ட பிடியாணையை நீக்கியது. ஆனால் பதவி போன பிறகு, ‘அரசுப் பணியாகத்தான் செய்தேன்’ என்ற வாதம் இத்தகைய குற்றங்களுக்குக் கைகொடுக்காது என்றும் சொன்னது. தளபதிகளுக்குத் தூதர் பதவி கொடுத்து அனுப்பும் கொழும்பின் வழக்கத்துக்கு எவ்வளவு பயன் இருந்தது என்பது இதிலிருந்து புரியும். பதவி நிரந்தரமில்லை என்பதுதான் நமக்கு இருக்கும் நம்பிக்கை.

நடந்தேறிய வழக்குகளும் உண்டு. அவை நாம் பேசத் தயங்குகிறவை. இலங்கை வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005இல் கொல்லப்பட்டதற்குத் துணைபோனதாக, புலிகள் இயக்கத்தின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு ஜெர்மன் நீதிமன்றம் 2020இல் ஆறு ஆண்டு பத்து மாதம் சிறை விதித்தது. மறுபுறம், 2000 அக்டோபர் 19 அன்று யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட பிபிசி செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் வழக்கில், 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் ஒருவர் கைதானார். 21 ஆண்டு கழித்து, வேறொரு கண்டத்தில்! அரசுத் தரப்பு மீது மட்டும் பாயட்டும், நம்மவர் மீது வேண்டாம் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் கொன்ற இந்திய அமைதிப்படைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

இந்தியச் சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? பலருக்கும் தெரியாத ஒன்று, நம்மிடம் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின் கடும் மீறலை இந்தியாவுக்கு உள்ளேயோ வெளியேயோ யார் செய்தாலும் தண்டிக்கலாம் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. வேண்டுமென்றே கொலை செய்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. குற்றவாளி இந்தியாவில் எங்கே பிடிபடுகிறாரோ அங்கேயே குற்றம் நடந்ததாகக் கொண்டு விசாரிக்கலாம் என்கிறது நான்காம் பிரிவு. பிரான்சுக்கு 50 ஆண்டுக்கு முன்பே நாம் எழுதிவைத்த உலகளாவிய அதிகார வரம்பு இது.

வாசல் திறந்திருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே போக முடியாது. முதல் தடை 17ஆம் பிரிவு. மத்திய அரசோ அதன் அதிகாரியோ புகார் கொடுத்தாலன்றி எந்த நீதிமன்றமும் வழக்கை எடுக்கக் கூடாது. கோவா விடுதலைக்குப் பின்னும் போர்த்துகீசியக் குடியுரிமையோடு அங்கே தங்கிய பாதிரியார் மொந்தேரோ இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். தனிமனிதர் நீதிமன்றத்தை நாடிப் பரிகாரம் பெறும் வழி எதையும் இந்தச் சட்டம் தரவில்லை என்று தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா 1969இல் எழுதினார். அயல்நாட்டு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேர்ந்த ஒரு நிலத்திலிருந்து எழுந்த வழக்கு அது, நம் ஊரிலிருந்தும் எழுந்திருக்கக்கூடியது.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. ஒப்பந்தங்கள் சொல்லும் கடும் மீறல் என்பது இரு நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே பொருந்தும். உள்நாட்டுப் போருக்கு ஒப்பந்தங்களின் பொதுவான மூன்றாம் விதி மட்டும்தான், அதன் மீறலை நம் சட்டம் இந்தத் தண்டனைக்குள் கொண்டுவரவில்லை. 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா சேரவே இல்லை. ஆகவே முள்ளிவாய்க்கால் தளபதி ஒருவர் நாளை சென்னை விமான நிலையத்தில் இறங்கினாலும், மத்திய அரசே மனம் வைத்தாலும், இந்தச் சட்டத்தால் அவரைத் தொடுவது கடினம்.

மற்ற வழிகளும் அடைபட்டிருக்கின்றன. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை 1959இல் ஏற்றோம், அதற்குச் சட்டம் இயற்றவில்லை. சித்திரவதை ஒப்பந்தத்தில் 1997இல் கையெழுத்திட்டோம், உறுதிசெய்யவில்லை. ரோம் சாசனத்தின் வாக்கெடுப்பில் 1998இல் ஒதுங்கி நின்றோம். 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில், 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி முரளிதர் அமர்வு இந்தக் குறையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, உடனே சரிசெய்ய வேண்டும் என்றது. அதற்குப் பிறகு எழுதப்பட்டு 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்கூட இனப்படுகொலைக்கோ மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கோ பிரிவு சேர்க்கப்படவில்லை.

இந்தியாவுக்கு இதைச் செய்யும் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் நம் கடற்படை, சோமாலியாவுக்கு அப்பால் கடத்தப்பட்டிருந்த ‘ரூயன்’ கப்பலை மீட்டு, 35 கடற்கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்து காவல்துறையிடம் ஒப்படைத்தது. கப்பல் இந்தியக் கப்பல் அல்ல, குற்றவாளிகள் இந்தியர் அல்லர், இடமும் இந்தியக் கடல் அல்ல. 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் அதற்கு வழி செய்தது. சரக்குக் கப்பலுக்காக எடுத்துக்கொண்ட அதிகாரத்தை மனித உயிருக்காக எடுத்துக்கொள்ள மறுப்பது திறனைப் பற்றிய கேள்வியே அல்ல.

டெல்லியின் தயக்கத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்று அடுத்தவர் மீது எழுதும் சட்டம் நாளை காஷ்மீரின் பெயரால் நம் மீது திரும்பும் என்ற அச்சம். 2022 ஜனவரியில் லண்டன் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்று, இந்தியத் தரைப்படைத் தளபதி மீதும் உள்துறை அமைச்சர் மீதும் அங்குள்ள காவல்துறையிடம் மனுக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த மனுவுக்குச் சட்டமின்மை கவசமாகாது. தன் நாட்டு நீதிமன்றம் நேர்மையாக விசாரித்த குற்றத்தை அயல்நாடு பொதுவாகக் கையில் எடுப்பதில்லை. வெளியார் நீதிமன்றத்தை அஞ்சுகிற அரசு செய்ய வேண்டியது உள்ளூர் நீதிமன்றத்தை இயங்கவிடுவதுதான்.

தமிழ்நாடு சட்டப்பேரவை 2011லும் 2013லும் இலங்கை தொடர்பாகத் தீர்மானங்கள் நிறைவேற்றியது. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று குறிப்பாக, பிரிவு எண்ணோடு கேட்டிருந்தால் அது இன்னும் பயன்பட்டிருக்கும்.

சட்டம் திருந்தும்வரை செய்யக்கூடிய வேலை ஒன்று நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதே சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் கீழ்புத்துப்பட்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021 மார்ச் மாதத் தீர்மானப்படி, இலங்கைக் குற்றங்களின் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாத்து, வழக்கு நடத்தும் நாடுகளுக்கு உதவ ஒரு தனிப்பிரிவு ஜெனீவாவில் இயங்குகிறது. அந்தத் தீர்மானத்தின் வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவோ எதிர்ப்போ தெரிவிக்காமல் ஒதுங்கி நின்றது. ஆனால் இந்தியாவில் இருக்கும் சாட்சிகள் பேசுவதற்கு அது தடையல்ல.

எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் முக்கியம். ‘ஆர்மிக்காரன் செல் அடிச்சான், எல்லாரும் செத்துப்போச்சினம்’ என்ற வாக்குமூலம் முழு உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் ஒரு தளபதியைக் குற்றவாளியாக்க முடியாது. எந்தத் தேதி, எந்த ஊர், செல் எந்தத் திசையிலிருந்து வந்தது, அப்போது அந்தப் பக்கம் நின்றது எந்தப் படைப்பிரிவு, சீருடையில் என்ன குறி இருந்தது, கட்டளையிட்டவரை மற்றவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள், பக்கத்தில் இருந்த வேறு யார் உயிரோடிருக்கிறார்கள் என்பவைதான் குற்றத்தை ஆளோடு சேர்த்துக் கட்டும். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. ஒரே ஆளிடம் பலரும் மாறி மாறிக் கேட்டால் விவரங்கள் முன்பின்னாகும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறிய படத்தைவிட, எடுத்த கைபேசியில் இருக்கும் மூலப்படத்துக்குத்தான் மதிப்பு. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. குடியுரிமை இல்லாமல் முகாமில் வாழ்கிறவருக்குத் தன் பெயர் எங்கே போகும் என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பெயரை மறைத்துக் காக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

இந்த முறையில் ஐம்பது வாக்குமூலங்களைப் பிழையில்லாமல் எடுத்து வைப்பது ஒரு சட்டக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்தால் ஆகாத காரியமல்ல. புதுச்சேரி வழக்கறிஞர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாரிஸ் வழக்குத் தொடுநரின் மேசைக்கு ஒரு கோப்பு போக வேண்டுமானால், அதைத் தமிழில் கேட்டுப் பிரெஞ்சில் எழுதித் தரக்கூடியவர்கள் இந்த ஊரைப் போல வேறெங்கே இருக்கிறார்கள்? ஒரு தளபதி பாரிஸில் மகன் வீட்டுக்கு வந்து தங்கிய பிறகு சாட்சி தேடத் தொடங்கினால் காலம் போதாது. பிரேசிலும் சிங்கப்பூரும் காட்டியது அதைத்தான். 2009இல் 60 வயதில் பதுங்குகுழியில் கிடந்தவர் இன்று 80ஐ நெருங்குகிறார்.

டெல்லியிடம் கேட்க வேண்டியது இரண்டு திருத்தங்கள். உள்நாட்டுப் போரில் நடக்கும் கொலையும் சித்திரவதையும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுக்குள் வர வேண்டும். 17ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவரின் புகாரை மத்திய அரசு குறித்த காலத்துக்குள் ஏற்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்த மறுப்பை உயர் நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம் என்று சேர்க்க வேண்டும். இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் போதும். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவரும் மாநிலங்களவையில் ஒருவரும் இருக்கிறார்கள்.